இரத்தச் சோகையா? இரும்பு மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

மாணவர்களே, இரத்தச் சோகை எதனால் வருகிறது என்று எந்த வகுப்பில் கேட்டாலும் ஒரே குரலில் பதில் வரும்: "இரும்புச்சத்துக் குறைவு, சார்!" தேர்வுத் தாளில் அந்தப் பதிலுக்குப் புள்ளி கிடைக்கும். ஆனால், வீட்டில் முடக்குவாதத்தால் அவதிப்படும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ அந்தப் பதில் போதாது. சில வேளைகளில் அது தவறான பக்கம் திருப்பியும் விடும்.

முடக்குவாதம் வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் அன்று. கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே நம் மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, மணிக்கட்டு வீங்கும். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு அதிகம் தாக்குகிறது. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் 7 விழுக்காடு அளவுதான். ஆனால், முடக்குவாதச் சிகிச்சைக்கு வருவோரில் நம்மவர்களின் பங்கு அதைவிட மிக அதிகம். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்கு இரத்தச் சோகையும் இருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும். சமைத்து முடிப்பதற்குள் உடல் சோர்ந்துவிடும். உடனே உறவினர்கள், "சரியாகச் சாப்பிடுவதில்லை, முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்பார்கள். அவரும் சாப்பிடுவார். சோர்வு மட்டும் போகாது. கடைசியில் பழி அவர் மீதே விழும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. புதிய சிவப்பணுக்களை உருவாக்க எலும்பு மஜ்ஜைக்கு நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. உணவிலிருந்து நாம் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. மீதி எங்கிருந்து வருகிறது? சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழும். முதிர்ந்த சிவப்பணுக்களை மண்ணீரல், கல்லீரலில் உள்ள விழுங்கணுக்கள் சிதைத்து, அவற்றின் இரும்பைப் பிரித்து மீண்டும் இரத்தத்துக்குள் அனுப்புகின்றன. நம் உடல் பெரும்பாலும் இந்த மறுசுழற்சியை நம்பித்தான் இருக்கிறது.

அந்த மறுசுழற்சிதான் முடக்குவாதத்தில் தடைபடுகிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது ஜொகூர் பாலம் எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஜொகூர் பாருவில் வேலையாட்கள் இருந்தார்கள். சிங்கப்பூரில் வேலையும் இருந்தது. ஆனால் வாசல் மூடியிருந்தது. உடலிலும் இதே கதைதான். இரும்பு அணுவை விட்டு வெளியேறும் வாசலின் பெயர் ஃபெரோபோர்ட்டின். மூட்டு அழற்சியில் பெருகும் இன்டர்லியூகின்-6 என்ற பொருள், ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும்படி கல்லீரலைத் தூண்டுகிறது. ஹெப்சிடின் அந்த வாசலை மூடிவிடுகிறது. விழுங்கணுக்களுக்குள் இரும்பு தேங்கிக் கிடக்க, மஜ்ஜை பட்டினி கிடக்கிறது. குடலிலும் அதே வாசல்தான் என்பதால், விழுங்கும் மாத்திரையின் இரும்பும் சரியாக உள்ளே வருவதில்லை.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது? கிருமிகள் பெருகுவதற்கும் இரும்பு வேண்டும். கிருமி நுழைந்த வேளையில் இரும்பை மறைத்து வைப்பது நல்ல தற்காப்பு. காய்ச்சல் சில நாளில் தணிந்தால் வாசலும் திறந்துவிடும். முடக்குவாதத்திலோ அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது, பூட்டும் நீடிக்கிறது. எனவே முதலில் தணிக்க வேண்டியது அழற்சியை. இன்டர்லியூகின்-6 இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பெற்ற நோயாளிகளுக்கு மூட்டு வீக்கம் குறைந்ததோடு ஹீமோகுளோபினும் உயர்ந்தது.

அப்படியானால் பாடநூல் சொல்வது பொய்யா? இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச் சோகை இருந்தது. இரும்புச்சத்துக் குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். முடக்குவாத நோயாளிக்கும் அது வரலாம். வலி தாங்காமல் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை நெடுநாள் விழுங்கினால் வயிற்றில் புண் ஏற்பட்டு இரத்தம் கசியக்கூடும். அப்போது இரும்பு உண்மையாகவே குறையும். இரண்டு காரணங்களும் ஒருவரிடமே இருக்கலாம். தாலசீமியா என்ற பரம்பரை நோயாலும் ஹீமோகுளோபின் குறையும். அவர்களுக்குத் தேவையின்றி இரும்பு கொடுப்பது கெடுதலாகலாம்.

ஆகவே என் கருத்து இதுதான்: "ஹீமோகுளோபின் குறைவு" என்பது கேள்வியின் தொடக்கம், விடை அன்று. அடுத்த முறை அம்மாவுடன் கிளினிக்குக்குப் போகும்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சோகைக்குக் காரணம் என்ன? அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு எவ்வளவு? உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எவ்வளவு? ஒன்றை நினைவில் வையுங்கள்: அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். எண் சரியாக இருப்பதுபோல் தோன்றினாலும் இரும்பு குறைந்திருக்கலாம். எண்களைச் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பை நம்பி மருந்தை நிறுத்துவதோ, புதிதாக மாத்திரை வாங்குவதோ வேண்டாம்.

முருங்கைக்கீரை நல்ல உணவு, தாராளமாகச் சமைக்கட்டும். ஆனால், அம்மா சோர்ந்து உட்காரும்போது "ஒழுங்காகச் சாப்பிட்டால்தானே" என்று சொல்லாதீர்கள். அந்தக் கீரையைக் கழுவி நறுக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விரல்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.