பிள்ளையின் கைபடாத சிங்கம்

பிறந்தநாள் கேக் யாருக்குரியது என்று கேட்டால், இதுவும் ஒரு கேள்வியா என்று சிரிப்பீர்கள். பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைக்குரியது என்பதே எவரும் சொல்லக்கூடிய விடை. ஆனால், அண்மைய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் வெள்ளவத்தையிலும் நான் சென்றுவந்த பிறந்தநாள் விழாக்களையும், டொரொன்டோவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் உறவினர்கள் அனுப்பிவைக்கும் படங்களையும் நினைத்துப் பார்க்கும்போது, அந்த விடையை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கேக் படப்பிடிப்பாளருக்குரியதாகிவிட்டது. முகநூலுக்குரியதாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய மாமாவுக்குரியதாகிவிட்டது. பிள்ளைக்கு எஞ்சியிருப்பது மெழுகுவர்த்தியை ஊதும் உரிமை மாத்திரமே.

இப்போது விலங்குகளின் காலம். ஒரு பெரிய கேக், அதனைச் சுற்றி 24 அல்லது 36 கப் கேக்குகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விலங்கு. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, குரங்கு என்று ஒரு காடே மேசையில் வந்து அமர்கிறது. பின்னணியில் இலைகளும் பலூன்களும். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கின்றன. அவற்றைச் செய்த கைகளின் திறமையை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். எனது குற்றச்சாட்டு அந்தக் கைகளைப் பற்றியது அல்ல. அந்த மேசைக்கு முன்னால் நிறுத்திவைக்கப்படும் பிள்ளையைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் நடைபெற்ற விழாவில் நான் கண்டதைச் சொல்கிறேன். நான்கு வயது நிறைந்த சிறுவன். அவனுக்கு எட்டும் உயரத்தில், அவனுடைய பெயர் எழுதப்பட்ட கேக். பக்கத்தில் ஒரு மஞ்சள் சிங்கம். அதனை எடுப்பதற்கு அவன் கை நீட்டினான். "தொடாதை, படம் எடுக்கவேணும்" என்று கையில் ஓர் அடி விழுந்தது. படப்பிடிப்பு ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக நீடித்தது. அம்மம்மாவுடன் ஒரு படம், பெரியப்பா குடும்பத்துடன் ஒரு படம், அப்பாவின் அலுவலக நண்பர்களுடன் ஒரு படம். இறுதியில் சிங்கம் அவனுடைய கைக்கு வந்தபோது அவன் அதனைக் கடித்தான், துப்பினான். உள்ளே குச்சி இருந்தது. அதற்குள் அவனுக்கு நித்திரையும் வந்துவிட்டது. விழா மிகவும் சிறப்பாக நடந்ததாக எல்லோரும் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

அந்தச் சிங்கம் எதனால் ஆனது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். பொண்டன்ட் எனப்படும் அந்தப் பசை, ஐசிங் சீனி, குளுக்கோஸ், ஜெலட்டின் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து செய்யப்படுவது. ஜெலட்டின் என்பது மாட்டினதோ பன்றியினதோ தோலில் இருந்தும் எலும்பில் இருந்தும் பெறப்படுவது. ஜெலட்டின் சேர்க்காத வகைகளும் கடைகளில் உண்டு. ஆனால், கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்? வெள்ளிக்கிழமையில் மச்சம் தொடாத வீடுகளில், முட்டை போடாத கேக் வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்லி வாங்குகின்ற வீடுகளில், ஜெலட்டின் யானையை எவரும் விசாரிப்பதில்லை. அடுத்தது நிறங்கள். 2007 ஆம் ஆண்டில் சவுத்ஹம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆறு செயற்கை நிறங்களும் ஒரு பாதுகாப்புப் பொருளும் அடங்கிய கலவைகள் சில சிறுவர்களின் துடிதுடிப்பை அதிகரிப்பதாக அறிவித்தார்கள். அதற்கான சான்று வரையறுக்கப்பட்டது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2008 ஆம் ஆண்டில் கூறியது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். அப்படியிருந்தும், அந்த ஆறு நிறங்களைக் கொண்ட உணவுகளில் எச்சரிக்கை வாசகம் இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலையில் இருந்து கட்டாயமாக்கியது. மஞ்சள் சிங்கத்துக்கு வழக்கமாக உதவுகின்ற டார்ட்ரசினும் அந்த ஆறில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு தடவை ஒரு துண்டு தின்பதால் எந்தப் பிள்ளைக்கும் ஆபத்து வந்துவிடாது. ஆனால், தின்னவும் முடியாத, விளையாடவும் முடியாத ஒரு பொருளுக்கு இவ்வளவு பணமும் இவ்வளவு சாயமும் எதற்காக?

கப் கேக்கின் வரலாறோ முற்றிலும் வேறானது. அமெரிக்காவில் 1796 ஆம் ஆண்டில் அமெலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் நூலில், சிறு கிண்ணங்களில் வேகவைக்கும் கேக் பற்றிய குறிப்பு இருக்கிறது. கப் கேக் என்ற பெயர் 1828 ஆம் ஆண்டில் எலைஸா லெஸ்லியின் நூலில் வருகிறது. தராசு இல்லாத அடுப்படியில் மாவையும் சீனியையும் கோப்பையால் அளந்து போட்டதாலும், பெரிய கேக் வேகும்வரை காத்திராமல் சிறு கிண்ணங்களில் வேகவைத்ததாலும் வந்த பெயர் அது. வசதி குறைந்த அடுப்படியில், அவசரத்தில், உள்ளதைக் கொண்டு செய்த பண்டத்தைத்தான் நாம் இன்று ஆடம்பரத்தின் அடையாளமாக்கி மண்டபத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

விலங்குக் கேக்குகளுக்கு ஒரு நல்ல மரபும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் வாழும் எம்மவர்கள் அதனை அறிந்திருப்பார்கள். அந்நாட்டின் 'விமென்ஸ் வீக்லி' சஞ்சிகை 1980 ஆம் ஆண்டில் சிறுவர் பிறந்தநாள் கேக் நூல் ஒன்றை வெளியிட்டது. இரண்டு தலைமுறைத் தாய்மாரும் தந்தைமாரும் அதனைப் பார்த்துத் தங்கள் அடுப்படியில் கேக் செய்திருக்கிறார்கள். அதிலுள்ள வாத்துக்கு அலகு உருளைக்கிழங்குப் பொரியல் துண்டுகள், கொண்டை சோளப்பொரி. கடையில் வாங்கிய இனிப்புகளும் பிஸ்கட்டுகளும்தான் ஏனைய விலங்குகளின் கண்ணும் காதும் வாலும். உலகெங்கும் சிறுவர்கள் பார்க்கும் 'புளூயி' என்ற கார்ட்டூன் தொடரில், அத்தகைய வாத்துக் கேக்கைச் செய்வதற்குத் தந்தை திண்டாடுவதை ஒரு கதையாகவே 2020 ஆம் ஆண்டில் காட்டினார்கள். அந்த நாட்டு மக்கள் அதனைத் தங்கள் வீட்டுக் கதையாக உணர்ந்ததற்குக் காரணம், கோணலான ஒரு வாத்தை அவர்களில் பலர் தமது மேசையில் கண்டிருக்கிறார்கள் என்பதே.

நிற்க. கோணல் வாத்தைத் தேடி நான் மெல்பேர்ணுக்குப் போகவேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போயிருந்த காலத்தில், பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எமது பெண்கள் கேக் சுட்டார்கள். பெரிய தாச்சியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் மாக்கலவையை வைத்து, தகரத்தால் மூடி, தகரத்தின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புவார்கள். மேலும் கீழும் சூடு. நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த அந்நாட்களில், எனது பெரியம்மா தனது பேரனுக்காக டின்பால் பேணிகளைப் பாதியாக வெட்டி, விளிம்பை மடித்துத் தட்டி, அவற்றில் சிறு கேக்குகள் சுட்டார். ஐசிங் சீனிக்கு எங்கே போவது? சீனியை உரலில் இடித்து, துணியில் அரித்து எடுத்தார். கரட் துண்டு அலகாயிற்று. கறுப்பு எள்ளு கண்களாயிற்று. அவற்றை ஒட்டியவர்கள் அயல்வீட்டுப் பிள்ளைகள். அது கோழியா, காகமா என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. பேரன் அது மயில் என்று தீர்ப்பளித்தான். பிறந்தநாள் அவனுடையது என்பதால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பறவைக்கு ஒரு புகைப்படமும் இல்லை. ஆனால், அதனைச் செய்த பிள்ளைகளில் ஒருவர் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தொலைபேசியில் பேசும்போது இன்றும் அந்த மயிலை விசாரிக்கிறார்.

செய்வது கடினமா? இல்லவே இல்லை. பட்டர் அல்லது மார்ஜரின், சீனி, கோதுமை மா ஆகிய மூன்றிலும் 225 கிராம் வீதம் எடுத்து, 4 முட்டையும் 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கொஞ்சம் வனிலாவும் சேர்த்து அடித்தால், 24 கப் கேக்குகள் வரும். கடதாசிக் கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றக்கூடாது. 180 பாகை செல்சியசில் 18 முதல் 20 நிமிடங்கள் போதும். நன்றாக ஆறிய பின்னரே பட்டர் ஐசிங்கைப் பூசவேண்டும். இல்லாவிட்டால் உருகி வழியும். எமது வெக்கையில் மார்ஜரின் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

இனி விலங்குகள். இதனைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். வெள்ளைத் தேங்காய்த் துருவலைத் தூவினால் செம்மறியாடு. அதே துருவலை வறுத்து விளிம்பில் மாத்திரம் ஒட்டினால் சிங்கத்தின் பிடரி. கொக்கோ சேர்த்த ஐசிங்கில் இரண்டு சிறு பிஸ்கட்டுகளைக் காதாக நட்டால் கரடி. கஜுவை நீளவாக்கில் சீவிக் குத்தினால் முள்ளம்பன்றி. முழுக் கஜு ஒன்றின் வளைவைப் பாருங்கள். அது யானையின் தும்பிக்கை. பீட்ரூட் சாற்றில் சில துளிகள் விட்டால் இளஞ்சிவப்புப் பன்றிக்குட்டி; ஒரு சிட்டிகை மஞ்சள்தூளில் கோழிக்குஞ்சு. இவை எதுவும் இல்லையென்றால், கேக்கின் தலையை வெட்டி, அதனை இரண்டாக்கி, ஐசிங்கில் சாய்த்து நட்டால் வண்ணத்துப்பூச்சி. ஆண்பிள்ளையையும் இதில் உட்கார வையுங்கள். அடுப்படி அக்காவுக்கும் அம்மாவுக்கும் மாத்திரம் உரியது என்ற பாடத்தை அவன் கற்பதற்கு முன்னர் அவனுடைய கையில் மாப் படட்டும்.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லன். "இதெல்லாம் மேல்நாட்டு மோகம், கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அர்ச்சனை செய்யுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால், பிள்ளைக்குப் பல் முளைத்தால் பல்லுக் கொழுக்கட்டை அவித்துத் தலையில் சொரிகின்ற சமூகம் நாங்கள். ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை பிடிக்கும்போது பிள்ளைகளின் கைகளிலும் ஓர் உருண்டை மாவைக் கொடுத்தவர்கள். உணவில் உருவம் பிடிப்பதும், அதில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதும் எமக்கு அந்நியமானவை அல்ல. அந்நியமானது, பிள்ளையை அடுப்படியில் இருந்து வெளியேற்றி விருந்தாளியாக்குவது.

"எமக்கு நேரமில்லை" என்பது அடுத்த வாதம். மண்டபம் தேடவும், அலங்காரகாரருடன் பேசவும், எந்த நிறத்தில் குடும்பம் முழுவதும் உடுப்புத் தைப்பது என்று தீர்மானிக்கவும் செலவிடும் நேரத்தில் மூன்று தடவை கேக் செய்துவிடலாம்.

மூன்றாவது வாதமே கனமானது. வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின்னர் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்களில் சிலர், வீட்டில் இருந்தபடி கேக் செய்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். எல்லோரும் வீட்டிலேயே செய்தால் அவர்களின் கதி என்ன? நியாயமான கேள்வி. அவர்களிடம் வாங்குங்கள் என்றே நானும் சொல்கிறேன். அலங்காரம் செய்யாத கப் கேக்குகளை அவர்களிடம் வாங்கி, காதும் மூக்கும் ஒட்டுவதை வீட்டில் பிள்ளையுடன் செய்யுங்கள். ஒரு சிங்கத்துக்குக் கண் வைக்க நள்ளிரவு வரை விழித்திருக்கும் அந்தப் பெண், அதே நேரத்தில் நான்கு வீடுகளுக்குச் சாதாரண கேக் கொடுக்கலாம். கல்யாணக் கேக்கில் அவரது கைத்திறனுக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பணத்தைப் பற்றியும் பேசாமல் இருக்கமுடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. 2023 ஆம் ஆண்டில் இந்த நாடு இந்தியாவில் இருந்து முட்டை இறக்குமதி செய்தது. அந்த வருடங்களில் ஒரு முட்டையைப் பாதியாகப் பகிர்ந்து தின்ற பிள்ளைகள் எமது வகுப்பறைகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களும் விழாவுக்கு அழைக்கப்படுகிறார்கள். மேசையில் இருக்கும் காட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், "எனக்கும் இப்படி வேணும்" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காக நகையை அடகு வைத்த தகப்பன்மாரை நான் அறிவேன். தேங்காய்ப்பூ ஒட்டிய செம்மறியாட்டைப் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளை, "நாங்களும் செய்வம்" என்று சொல்லும். கடன்படாமல் நிறைவேற்றக்கூடிய ஆசை அது.

ஆதலால், புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் உள்ள மருமகனின் பிறந்தநாளுக்கு இணையத்தில் இரண்டடுக்கு மிருகக்காட்சிச்சாலையை ஓடர் செய்யாதீர்கள். கேக் வேகும் நேரத்துக்குத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவன் கரடிக்கு ஒற்றைக் காதை ஒட்டிவிட்டு, மற்றக் காதைத் தின்றுகொண்டிருப்பதைப் பாருங்கள். அது கரடியா, பூனையா என்று அவனிடமே கேளுங்கள். அவன் சொல்வதை மறுக்காதீர்கள்.