எந்த மொழியில் அளப்பது?

எளாவூர் தமிழகத்தின் வடக்கு விளிம்பு. அப்பால் ஆரம்பாக்கம், அதையும் கடந்தால் ஆந்திரம். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வளரும் குழந்தைகள் இப்பகுதியில் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் செங்கற்சூளைகளுக்கும் பிழைக்க வந்தோரின் பிள்ளைகள் இந்தியோ ஒடியாவோ பேசுவார்கள். பள்ளி செல்லா வயதில் அறிவுத்திறனை அளக்க எந்தச் சோதனை மேல் என்ற கேள்வியை இங்கே வைத்துப் பார்ப்பதே பொருத்தம் என்று கருதுகிறோம்.

1905இல் பாரிஸில் பினேயும் சீமோனும் அளவுகோல் செய்தது, தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறியத்தான். தரவரிசை போட அன்று. தார்வாட்டில் வி.வி. காமத் 1930களில் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கென அதைத் திருத்தியமைத்தார். மூன்று வயதிலிருந்து பயன்படும் அந்த பினே-காமத் சோதனை இன்றும் நம் நாட்டில் புழக்கத்தில் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். அதில் பெரும்பகுதி பேச்சு. வீட்டு மொழியில் கேட்கப்படாத குழந்தைக்கு எண் குறையும். மறுபுறம், தலைமுறைதோறும் மதிப்பெண்கள் உயர்ந்து வந்ததை 1980களில் ஜேம்ஸ் ஃபிளின் காட்டினார். ஆகவே பழைய அளவுகோல் இன்றைய குழந்தையின் எண்ணைக் கூட்டிக் காட்டும். ஒன்று இறக்க, மற்றொன்று ஏற்ற, மிஞ்சும் எண்ணை நம்பிச் சான்றிதழ் எழுதினால், உதவி கிடைக்க வேண்டிய பிள்ளை விடுபட்டுப் போகும். வேண்டாத பிள்ளைக்கு முத்திரை விழும்.

செகுவின் பலகையில் பேச்சில்லை. பத்து மரக்கட்டைகளைப் பொருந்தும் குழிகளில் இட வேண்டும். மூன்று முறையில் விரைவானது கணக்கு. ஆனால் அது கையையும் கண்ணையும் தாண்டி அதிகம் சொல்லாது. குட்எனஃப் 1926இல் வகுத்த மனித உருவம் வரையும் சோதனையும் மொழி கேட்காதுதான், பென்சில் கேட்கும்! சூளையோரக் குழந்தை அதை எத்தனை முறை பிடித்திருக்கும்?

எங்கள் சாய்வு வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவுகோலின் பக்கம். தானே உண்கிறதா, உடுத்துகிறதா என்று வளர்ப்பவரிடம் விசாரிப்பது அது. அறிவுத்திறன் சோதனை என்று அதைச் சொல்ல முடியாது. ஆயினும் தாயின் மொழியில் கேட்டால் குழந்தையின் அன்றாடம் தெரியவரும். அதையும் செகுவின் பலகையையும் முதலில் வைத்து, பேச்சுச் சோதனையை மொழி தெரிந்த ஒருவர் கிடைத்த பிறகே நடத்தலாம். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறையும் பார்க்கலாம். சேர்க்கைக்காகப் பிள்ளைகளை வடிகட்டுவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடுத்துவிட்டது. எனவே எண்ணுக்காக அவசரப்பட வேண்டியவர் எவருமில்லை.