ஓவியக் குளமும் டீக்கடைக் குவளையும்

புதுக்கோட்டைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது சித்தன்னவாசல். சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் ஒரு குளம். தாமரை, மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். ஆயிரம் வருசத்துக்கு மேலான அந்தக் குளத்தை மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. பாதுகாக்கட்டும். ஓவியத்தோடு எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. அதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. அங்கே இருந்தது படத்துக் குளமல்ல, தலித் சனங்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டி. பிள்ளைகள் நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, 2022 திசம்பர் 26 அன்று மேலே ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம். தீட்டிய தண்ணீருக்குக் காவல் உண்டு. சேரிச் சனம் குடிக்கிற தண்ணீருக்குக் காவல் இல்லை.

மறுநாள் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போனார்கள். போன இடத்தில் இன்னும் இரண்டு 'கண்டுபிடிப்பு'. இறையூர் டீக்கடையில் தலித்துகளுக்குத் தனிக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் அவர்கள் போக முடியாது. ஆட்சியரே கூட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டார். வழக்கு போட்டார்கள். பத்திரிகைகள் பாராட்டின.

நான் கேட்கிறேன்: அதுவரைக்கும் அந்தக் குவளை எங்கேய்யா ஒளிந்திருந்தது? டீ குடித்த ஒவ்வொருத்தனும் பார்த்ததுதானே? ஓட்டுக் கேட்டு வந்தவன், கணக்கெடுக்க வந்தவன், வரி வாங்க வந்தவன் எல்லாம் அந்த வழியில்தானே போனான்? தொட்டியில் மலம் விழுந்தால்தான் கடையிலுள்ள குவளை கண்ணுக்குத் தெரியுமா?

2025 சனவரியில் சி.பி.சி.ஐ.டி., அதே தலித் மக்களில் மூன்று பேரைக் குற்றஞ்சாட்டிக் குற்றப்பத்திரிகை தந்தது. சனங்கள் ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். மலத்துக்கு மரபணுச் சோதனை வேண்டியிருக்கலாம். குவளைக்கு எந்தச் சோதனையும் வேண்டாம். கடைக்குப் போனாலே போதும்.

1927 மார்ச் 20 அன்று மகாடு ஊரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் பின்னால் சாணியும் மாட்டு மூத்திரமும் சேர்ந்த பஞ்சகவ்யத்தை ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள். சாணி விழுந்தால் சுத்தம், நம்ம கை பட்டால் அசுத்தம்! இதுதான் அவர்களுடைய தண்ணீர் சாஸ்திரம். ஒரு பெருங்கொடுமை நடக்கட்டும், பிறகு போவோம் என்று பாபாசாகேப் காத்திருக்கவில்லை. அன்றாடத் தண்ணீரையே போராட்டமாக்கினார்.

நம் காலத்தில் கொடுமை நடந்தால்தான் வேன் வருகிறது, கேமரா வருகிறது, உண்மை அறியும் குழு வருகிறது. சுற்றுலாக்காரன் குகையைப் பார்த்துவிட்டுப் போகிறான். இவர்கள் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு பேரும் போன பிறகு ஊரில் மிச்சமிருப்பதுதான் சாதி. அது அலறாது. காலையில் டீ ஆற்றும், சாயங்காலம் கோயில் கதவைச் சாத்தும்.

தீண்டாமையை ஒழிக்கிற அரசியல் சட்டப் பிரிவு 17 எழுபது வருசம் தாண்டிவிட்டது. ஆகவே தோழர்களே, மாணவர்களே, எழுத்தாளர்களே, கொடுமை நடக்காத ஊருக்குப் போங்கள். எந்தக் கடையில் எத்தனை விதக் குவளை, எந்தக் கோயில் வாசலோடு யார் நிற்கிறார், பொதுக் குழாயில் யார் கடைசி, நம் பிணம் எந்தப் பாதையில் போகிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். எழுதியதைப் புகாராகக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் வையுங்கள்.

சித்தன்னவாசலுக்கு வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறது. டீக்கடைக்கு நாம்தான் எழுதியாக வேண்டும்.