பழியை விதைமேல் போடாதீர்கள்

சுபாங் ஜெயாவில் வீடுகள் எழும்புவதற்கு முன் இங்கே இருந்தது சீபீல்ட் தோட்டம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் செம்பனைப் பேச்சு இன்னும் ஓயவில்லை. பைப்புழு ஓலையை அரித்தது, காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தது என்று யாராவது சொன்னால் போதும், தீர்ப்பு தயாராக வந்து விழும்: "எல்லாம் நாலு மரத்து வாரிசு. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி ரத்தம் நீர்த்துப்போச்சு. பூச்சியைத் தாங்கத் தெம்பு ஏது?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பார்த்தால் நிற்கவில்லை.

முதல் வாதம், நம் செம்பனை முழுவதும் நான்கு மரங்களின் வழி வந்தது என்பது. இதில் பாதிதான் உண்மை. 1848ல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் சந்ததி சுமத்ராவின் டெலி வட்டாரத்தில் பரவியது. 1917ல் ஹென்றி ஃபோக்கொனியே சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகத்துக்காக நட்டதும் அந்த வழிதான். டூரா எனும் வகையைச் சேர்ந்த அந்த டெலி மரங்கள் தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே கலந்தன என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இன்று தோட்டங்களில் நிற்பது டூரா அல்ல, தெனேரா. தடித்த ஓடுள்ள டூராவைத் தாயாகவும், ஓடில்லாத பிசிபெராவைத் தந்தையாகவும் வைத்து உண்டாக்கிய கலப்பு அது. பிசிபெரா ஆப்பிரிக்காவிலிருந்து வேறு வழியில் வந்தது. 1960களில் மலேசியத் தோட்டங்கள் தெனேராவுக்கு மாறிவிட்டன. தாய்வழி குறுகியது, தந்தைவழியும் குறுகியதாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் உறவு இல்லையே! பிள்ளையை உறவுக்கலப்பில் பிறந்தது என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது வாதம், உறவுக்கலப்பில் பிறந்த செடியைப் பூச்சி கட்டாயம் அதிகம் தின்னும் என்பது. இதற்கு ஆதாரம் உண்டு. கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹார்ஸ்நெட்டில் என்ற அமெரிக்க முட்செடியை வைத்து நடந்த ஆய்வுகள் 2012, 2013ல் வெளிவந்தன. தன் மகரந்தத்திலேயே பிறந்த செடிகளில் தற்காப்பு முட்களும் இலைமயிர்களும் குறைந்திருந்தன. புழு கடித்ததும் செடி வெளியிடும் மணமும் மாறியிருந்தது. புழுவின் எதிரிகளை வரவழைப்பது அந்த மணம்தான். ஆனால் இதை எல்லாப் பயிருக்கும் சட்டமாக்க முடியாது. நெல் தன் மகரந்தத்திலேயே விளைவது. கேரளத்தின் பட்டாம்பியில் தெரிந்தெடுத்த பிடிபி 33 அப்படிப்பட்ட ரகம்தான். புகையான் எனும் பழுப்புத் தத்துப்பூச்சியை உறுதியாகத் தாங்கியதற்காகவே உலகெங்கும் நெல் ஆய்வாளர்கள் அதை நாடினார்கள். செம்பனை நெல்லைப்போல அல்ல, அயல்மகரந்தம் தேடும் மரம். உறவுக்கலப்பு அதைக் கூடுதலாகப் பாதிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் வாதத்தில் பார்த்தபடி, தோட்டத்தில் நிற்கும் மரம் உறவுக்கலப்பில் பிறந்ததே அல்ல.

மூன்றாவது வாதம், பூச்சிப் படையெடுப்புகளே இதற்குச் சாட்சி என்பது. அந்தச் சாட்சி வேறு பக்கம் கைகாட்டுகிறது. 1950களின் கடைசியிலும் 1960களிலும் தோட்டங்களில் டிடிடி, எண்ட்ரின், டீல்ட்ரின் போன்ற மருந்துகளைத் தெளித்தார்கள். பைப்புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவிகள் மடிந்தன. பைக்குள் பதுங்கிய புழு தப்பிப் பெருகியது. பூச்சியியலாளர் பிரையன் வூட் இதை அப்போதே எடுத்துக்காட்டினார். கண்மூடித்தனமான தெளிப்பை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பின, புழு அடங்கியது. இடையில் அங்கே நின்ற மரங்களின் பரம்பரை மாறவே இல்லை. காண்டாமிருக வண்டின் கதையும் இப்படித்தான். மறுநடவின்போது சாய்த்த மரங்கள் மட்கும் இடத்தில் அது முட்டையிடுகிறது. போகோருக்கும் டெலிக்கும் சம்பந்தமே இல்லாத தென்னையின் குருத்தையும் அதே வண்டு துளைக்கிறது.

நான்காவது வாதம், காட்டு ரத்தம் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. 1973ல் மலேசிய ஆய்வாளர்கள் நைஜீரியா சென்று காட்டுச் செம்பனை விதைகளைத் திரட்டினார்கள். அந்தச் சேகரம் பொக்கிஷம், சந்தேகமில்லை. நாளைக்கு வரப்போகும் நோயோ பூச்சியோ எதுவாயினும், எதிர்ப்பு மரபணுவை அங்கேதான் தேட வேண்டியிருக்கும். ஆனால் நட்ட மரம் இருபத்தைந்து ஆண்டு நிற்கும். புது விதை உருவாகித் தோட்டத்துக்கு வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். பைப்புழு அதுவரை காத்திருக்குமா?

கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர், ஒரே வயது என்பது உண்மையிலேயே பூச்சிக்கு வைத்த பந்தி. அந்தக் குற்றம் நடவு முறையின் மேல். பரம்பரையின் மேல் அல்ல. ஆகவே செம்பனை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சாய்த்த மரத்தைத் துண்டு துண்டாக்கிச் சீக்கிரம் மட்கவிடுங்கள். தோட்டச் சாலையோரம் டர்னெரா போன்ற பூச்செடிகளை நட்டு, குளவிகளுக்குத் தேன் கிடைக்கச் செய்யுங்கள். புழுவை எண்ணிப் பார்க்காமல் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டாதீர்கள்.