நான் போட்ட பிறந்த தேதியும் திறக்காத டிஸ்க்கும்

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை விடமாட்டேன் என்று அந்தக் காலத்தில் கோபித்துக்கொள்வீர்களே, அதே பழக்கம்தான்.

போன மாதம் மாமல்லபுரம் பக்கத்திலிருந்து ஒருவன் மனைவியோடு செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்தான். ஒன்றாம் வகுப்பில் என்னிடம் எழுத்துக் கூட்டியவன். இப்போது ஐம்பதை நெருங்குகிறான், கல் சிற்பி. பெயர் எழுத மாட்டேன். விஷயத்தை எழுதலாம் என்று அவனே சொன்னான். எங்கள் வீட்டுக்கு நான்கு படிகள்தான். அதை ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றான்.

உளியும் சுத்தியலும் மட்டும் இருந்த காலத்தில் கல்லிலிருந்து தெறித்தது பெரும்பாலும் சில்லு. இப்போது மெஷின் வைத்து அறுக்கிறார்கள், தேய்க்கிறார்கள். பறப்பது கோதுமை மாவு மாதிரி தூசி. கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. அந்தத் தூசி வருடக்கணக்கில் நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் வரும். வந்த தழும்பு போகாது. படத்தில் அது காசநோய் மாதிரியும் தெரியும். போதாததற்கு, சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். அதனால் டாக்டருக்கு இன்றைய படம் மட்டும் போதாது. முன்பு எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து, புள்ளிகள் அப்படியே இருக்கின்றனவா வளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இவனுக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தனியார் மையத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். (தமிழில் எழுதினால் ஸ்கேனும் சிடி, தட்டும் சிடி. குழப்பம் வேண்டாம், தட்டை டிஸ்க் என்றே எழுதுகிறேன்.) அப்போது கொடுத்த ஃபிலிம் மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. டிஸ்க் மட்டும் பத்திரமாக இருந்தது, ரேஷன் கார்டு இருக்கும் அதே பையில்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் புது ஸ்கேன் எடுத்துவிட்டு, டாக்டர் பழையதைக் கேட்டிருக்கிறார். டிஸ்க்கைப் போட்டால் அவர்கள் கம்ப்யூட்டர் படமே இல்லை என்கிறது. "இதுல ஒண்ணும் இல்லம்மா, எடுத்த சென்டர்லயே போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மையத்தில் போய்க் கேட்டால், "ரெண்டு வருஷம் ஆச்சு, எங்ககிட்ட இப்ப இல்லீங்க."

ஒரு முழு நாள் கூலி, இரண்டு பேருக்குப் பஸ் செலவு. அதைக்கூட விடுங்கள். இன்றைய நெஞ்சை நாளைக்கும் படம் எடுக்கலாம். இரண்டு வருடத்துக்கு முந்தைய நெஞ்சை இனி யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

"டீச்சர், உங்க அக்கா பையன் கம்ப்யூட்டர் வேலைல இருக்கறதா சொல்லுவீங்களே" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அதற்காகத்தான் வந்திருக்கிறான்.

சிறுசேரியில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். இந்தக் காலத்து லேப்டாப்பில் டிஸ்க் போட வாயே கிடையாதாம். யாரிடமோ இரவல் வாங்கிய டிரைவை ஒயர் மூலம் மாட்டினான். கால் மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சித்தி, படம் எல்லாம் இருக்கு. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்தான் இல்ல."

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு ஸ்கேன் கம்பெனியும் தன் படத்தைத் தனக்கு மட்டும் புரிகிற மாதிரி சேமித்தது. இது சரிப்படாது என்று அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பும் மின்கருவி உற்பத்தியாளர்களின் சங்கமும் 1983இல் கூடி, 1985இல் ஒரு பொது விதியை வெளியிட்டன. 1993இல் அதற்கு டைகாம் என்று பெயர் வந்தது. இன்று உலகம் முழுவதும் ஸ்கேன் படங்களுக்கு அதுதான் இலக்கணம். டைகாம் கோப்பு என்பது வெறும் படம் அல்ல. யாருடைய படம், எந்தத் தேதி, உடம்பில் எந்த மட்டத்தில் எடுத்த வெட்டு, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று எல்லாம் அதன் தலைப்பகுதியிலேயே எழுதியிருக்கும்.

டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பதற்கும் அதில் விதி உண்டு. எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல், முதல் இடத்திலேயே டைகாம்டிர் என்ற கோப்பு இருக்க வேண்டும். அதுதான் அவன் சொன்ன வருகைப் பதிவேடு. எந்த நோயாளி, எந்தப் பரிசோதனை, எந்த வரிசை, எந்தக் கோப்பு எங்கே என்று அதில் இருக்கும். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதுவும் வரக் கூடாது, இடைவெளி கூடாது. சாதாரண டிஸ்க்கில் படத்தைச் சுருக்காமல் முழுசாகப் போட வேண்டும். ஐ.எச்.ஈ. என்ற சர்வதேச அமைப்பு இதையெல்லாம் தொகுத்து, நோயாளி கையில் கொடுக்கும் டிஸ்க்குக்கென்றே பி.டி.ஐ. என்ற வழிமுறையை வைத்திருக்கிறது.

இவன் டிஸ்க்கில் நடந்தது என்ன? மையத்தில் யாரோ அவசரத்தில், முறைப்படி ஏற்றுமதி செய்யாமல், கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டரை அப்படியே இழுத்து டிஸ்க்கில் போட்டுவிட்டார்கள். பதிவேடு வரவில்லை. கோப்புப் பெயர்கள் முழ நீளம், நடுநடுவே இடைவெளி. கூடவே படம் பார்க்க ஒரு மென்பொருளும் போட்டிருந்தார்கள், அதுவும் ஓடும் பதிவேட்டைத்தான் தேடும். மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களில் வெளி டிஸ்க்கில் வரும் மென்பொருளை ஓட விடுவதில்லை, வைரஸ் பயம். அது நியாயமான பயம்தான். பதிவேட்டைத் தேடினார்கள், இல்லை, "ஒண்ணும் இல்ல" என்றார்கள். முந்நூறு படம் உள்ளே இருக்கிறது! பொதுத்தேர்வு விடைத்தாள் கட்டு வந்துவிட்டது, பதிவெண் பட்டியல் வரவில்லை என்பதற்காக அத்தனை பிள்ளைகளையும் ஆப்சென்ட் போட்ட கதை.

அக்கா மகன் வீசிஸ் என்ற இலவச மென்பொருளில் அந்தப் படங்களைத் திறந்து, பதிவேட்டோடு புது டிஸ்க் ஒன்று போட்டுக் கொடுத்தான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இங்கேதான் நான் வருகிறேன்.

மருத்துவமனையில் புது டிஸ்க் திறந்தது. ஆனால், "இது வேற ஆளு" என்றார்கள். அவர்கள் பதிவில் ஆதார்படி பெயரும் பிறந்த தேதியும். டிஸ்க்கில் இருந்த பிறந்த தேதி வேறு. பெயரும் வேறு வரிசை. டைகாமில் பெயரைக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரித்துத்தான் எழுத வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஓர் உதாரணத்துக்கு, க. முருகன் என்பவன் ஒரு மையத்தில் 'முருகன் கே', இன்னொன்றில் 'கே முருகன்', மூன்றாவதில் அப்பா பெயரையும் சேர்த்து நீட்டி முழக்கி. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்.

பிறந்த தேதிக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு ஏன் மே, ஜூன் மாதத்திலேயே பிறந்தநாள் வருகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? ஜூன் மாதம் அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு வருவாள். சான்றிதழ் கிடையாது. "அந்தப் பெரிய புயலடிச்சுதே, அதுக்கு அடுத்த ஐப்பசி" என்பாள். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். எட்டினால் ஐந்து வயது. ஐந்து முடிகிற மாதிரி ஒரு தேதியைப் போட்டுச் சேர்ப்போம். இவனுக்கும் நான்தான் போட்டேன். அது டி.சி.யில் ஏறி, அங்கிருந்து ஆதாருக்குப் போனது. ஸ்கேன் மையத்தில் இவன் மனைவி, மாமியார் சொன்ன உண்மை வயதைச் சொல்லியிருக்கிறாள். அதை வைத்து அவர்கள் ஒரு தேதி போட்டுக்கொண்டார்கள். இரண்டு வருட வித்தியாசம்.

மருத்துவமனைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் நுரையீரலை இன்னொருவர் கணக்கில் ஏற்றினால் அதைவிட ஆபத்து எது? பழைய ரிப்போர்ட், பில், ஆதார், கூடவே மனைவி கையெழுத்திட்ட கடிதம், எல்லாம் காட்டிய பிறகு சேர்த்துக்கொண்டார்கள். 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆளுக்கு 14 இலக்க ஆபா எண் தருகிறார்கள். எல்லா மையமும் அதைக் கேட்டு வாங்கிப் படத்தோடு பதிந்தால் இந்தத் தொல்லை குறையும். அதுவரை எங்கே போனாலும் ஆதாரில் உள்ளபடியே பெயரும் தேதியும் சொல்லுங்கள். அது டீச்சர் போட்ட பொய்த் தேதியாகவே இருந்தாலும்.

டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வளர்ந்திருக்கிறது, ஆனால் மெதுவாக என்றார். காசநோய் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றிருந்ததை நிறுத்தி, சளிப் பரிசோதனை முடிவு வரட்டும் என்றார். மெஷின் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு இவன் என்ன செய்வான் என்பது தனிக் கவலை.

இப்போது என் கருத்து. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் டிஸ்க்கை, கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுப்பது போலக் கொடுக்கிறார்கள். கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது. உள்ளே தேங்காய் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அது நோயாளியின் மருத்துவ ஆவணம். ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவ மன்ற ஒழுங்குமுறை சொல்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்திய மின்னணு நலப் பதிவேட்டுத் தரநிலைகளில் படத்துக்கு டைகாம் என்றே இருக்கிறது. ஆக விதி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் கதிரியக்க மருத்துவர் சங்கமே நோயாளி டிஸ்க்குக்குத் தேவைகளைப் பட்டியலிட்டு, டிஸ்க் தயாரிக்கும் மென்பொருள்களைச் சோதித்துச் சான்று கொடுத்தது. இங்கே அதை யாராவது செய்யலாம். செய்யும்வரை, எரித்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும்.

ஸ்கேன் மையத்தில் டெக்னீசியனாக இருக்கும் என் மாணவி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "டீச்சர், வரிசை வாசல் வரைக்கும் நிக்குது, நீங்க வேற" என்றாள். உண்மைதான். அவள் ஒருத்தியைத் திட்டிப் பயனில்லை. மெஷினுக்குக் கோடிக்கணக்கில் போடும் முதலாளி, டிஸ்க்குக்கு ஒழுங்கான மென்பொருளும் ஓர் ஆளும் போட வேண்டும்.

இன்னொரு மோசடி, மோசடி என்றே சொல்வேன், டைகாம் தராமல் சாதாரண ஜேபெக் போட்டோவாகப் போட்டுத் தருவது. என் முழங்கால் எம்.ஆர்.ஐ.க்கு அப்படித்தான் இருபது போட்டோ கொடுத்தார்கள். பளிச்சென்று இருந்ததால் நானும் சந்தோஷமாக வாங்கி வந்தேன். சி.டி. ஸ்கேனின் ஒரு புள்ளி 4096 வகைச் சாம்பல் நிறங்களில் ஒன்றாக இருக்கலாம். சாதாரண போட்டோவில் 256தான். டாக்டர் அதே வெட்டை நுரையீரல் தெரியும்படி ஒருமுறை, எலும்பு தெரியும்படி ஒருமுறை மாற்றிப் பார்ப்பார், கட்டியை மில்லிமீட்டரில் அளப்பார். போட்டோவில் அது எதுவும் நடக்காது. மதிப்பெண் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு விடைத்தாளைக் கிழித்துப் போட்டால் மறுகூட்டல் எப்படிக் கேட்பது? வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் இதே ரகம். டிஸ்க்குக்குப் பதில் இப்போது லிங்க் அனுப்புகிறார்கள். நல்லதுதான், ஆனால் அது காலாவதியாகும் முன் டைகாமாகவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் திறக்காததால் மறுபடி ஸ்கேன் எடுத்தவர்கள் நம் உறவிலேயே இருக்கிறீர்கள். மார்பு சி.டி. ஒன்றுக்கு சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. இயற்கையாக நம் மேல் படுவது உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4தான். கல்பாக்கத்தைத் தாண்டும்போது கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும் என் நாத்தனார், தேவையில்லாத இரண்டாவது ஸ்கேனுக்கு மறுபேச்சு இல்லாமல் போய்ப் படுத்தார்.

கவுண்டரிலேயே "டைகாம்ல இருக்கா, திறந்து காட்டுங்க" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பென்டிரைவில் காப்பி எடுக்கும்போது படம் மட்டும் எடுக்காமல் டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் எடுங்கள், அந்தப் பதிவேடு உட்பட. டிஸ்க் மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். பதிந்திருக்கும் அடுக்கு லேபிள் பக்கத்துக்குத்தான் நெருக்கம். மார்க்கரில் பெயரும் தேதியும் போதும். வெயிலில், வண்டி டேஷ்போர்டில் வைக்க வேண்டாம்.

இவன் அடுத்த வாரம் மறுபடி சென்னை போகிறான். டிஸ்க்கின் இன்னொரு காப்பி என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. உங்களில் யாரிடமாவது திறக்காத டிஸ்க் இருந்தால் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். அக்கா மகன் மாதம் ஒரு ஞாயிறு வருவான். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் வேண்டாம், நான் தூங்குவேன்.