செகண்ட் ஷிஃப்டும் தேவப்பிரசன்னமும்

ஓசூர் விமான நிலையம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆனால் பாகலூர் சாலையில் விற்கிற மனையெல்லாம் அதிலிருந்து பத்தே நிமிடம். 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் என்று 2024 ஜூன் 27 அன்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து இந்தப் பத்து நிமிடம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பெங்களூரு விமான நிலையத்தின் ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் போட்டி விமான நிலையம் வருவதைத் தடுக்கும், 2033 வரை நீடிக்கும் நிபந்தனை பற்றிப் பிட் நோட்டீஸ்களில் ஒரு வரி கிடையாது. மனை வியாபாரிகள் மேல் எனக்குள்ள கடுப்பு பழையது. இந்த வாரம் அதைக் கிளறிவிட்டது, ‘அருகில் உள்ளவை’ என்று பள்ளி, மருத்துவமனை, பெட்ரோல் பங்க் வரிசையில் தேவாலயத்தையும் சேர்த்திருந்த ஒரு நோட்டீஸ். விமான நிலையத்தை விடுங்கள், அது வரும்போது வரட்டும். கடவுளின் அருகாமையைக் கிலோமீட்டரில் அளக்கும் வழக்கம் மனை வியாபாரிகளோடு நின்றுவிடவில்லை, நம் பிரசங்க மேடைகளிலும் உண்டு என்பதுதான் விஷயம்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு பக்தி குறைந்துவிட்டது என்பது இந்தப் பகுதிப் பிரசங்கங்களில் அடிக்கடி தலைகாட்டும் புலம்பல். பழைய கத்தோலிக்கக் கிராமங்களில் காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணி அடிக்கும்; வயலில் நிற்பவரும் மூவேளை செபம் சொல்வார். இப்போது காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று நாளை அறுப்பது ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடித்தவர் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நேரத்தில் தூங்குவார், வேறு வழியில்லை. வருகிறவர் தேவப்பிரசன்னத்தை, அதாவது கடவுளின் அருகாமையை, உணர்கிறார், வராதவர் இழக்கிறார் என்று மேடையில் சொல்லும்போது, உடல் அலுப்பை ஆத்துமக் குறைவாகக் கணக்கெழுதுகிறோம். முழு இரவு ஜெபத்தில் கண்ணீரும் கைத்தட்டலுமாகக் கிடைக்கும் உணர்வுதான் பிரசன்னம் என்றால், அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு வாரத்தில் ஆறு நாள் கடவுள் இல்லை என்றாகிறது. எந்த வேதத்தில் இருக்கிறது இது?

இங்கேதான் நான் அடிக்கடி இழுத்துவரும் ஒரு மடத்துச் சமையற்காரர் வருகிறார். மறுபடியுமா என்று அலுத்துக்கொள்பவர்கள் அடுத்த பக்கம் போகலாம். நிக்கோலா எர்மன், பிரான்சின் லொரேன் பகுதிக்காரர், முப்பதாண்டுப் போரில் காலில் அடிபட்ட சிப்பாய். 1640-இல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்து சகோதரர் லாரன்ஸ் ஆனார். குருப்பட்டம் இல்லை. வேலை சமையற்கட்டில், பிறகு செருப்புத் தைப்பதில். சமையல் அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. மடத்துக்குத் திராட்சை மது வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். கால் சரியில்லாததால் படகில் பீப்பாய்கள் மேல் உருண்டு உருண்டுதான் நகர முடிந்தது. இப்படிப்பட்டவர், செபத்துக்கு என்று ஒதுக்கிய நேரமும் பாத்திரங்களுக்கு நடுவே நிற்கும் நேரமும் தனக்கு வேறுவேறல்ல என்றார். 1691-இல் அவர் இறந்த பிறகு, பொஃபோர் என்ற குரு அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார். கத்தோலிக்கரைவிட சீர்திருத்த சபையினரே அதை அதிகம் கொண்டாடினார்கள் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. அந்தச் சின்னப் புத்தகத்தில் பரவசம் குறைவு, பழக்கம் அதிகம். மனம் ஓடிப்போகும், ஓடியது தெரிந்ததும் பதறாமல், தன்னைத் திட்டிக்கொள்ளாமல், திரும்ப வந்தால் போதும். முதல் பத்தாண்டுகள் பெரும் வேதனைதான் என்று அவரே எழுதுகிறார். அந்தப் பத்தாண்டிலும் கடவுள் தள்ளிப்போய்விட்டதாக அவர் முடிவுகட்டவில்லை. அருகாமை என்பது கடவுள் தருவது. உணர்வது நம் பயிற்சி. முன்னது பின்னதை நம்பி இல்லை.

பிரெஸ் மெஷின் முன்னால் நிற்பவன் கடவுளை நினைத்தால் விரல் போய்விடும் என்பார்கள். நியாயமான பயம். ஆனால் லாரன்ஸ் கேட்பது இரண்டாவது சிந்தனையை அல்ல. வேலைக்கு முன் ஒரு வார்த்தை, முடிந்ததும் ஒரு நன்றி, நடுவே வேலையைச் சுத்தமாகச் செய்வது. அந்தச் சுத்தமே அவருக்கு வழிபாடு. அதன்படி மெஷினில் கண் வைத்திருப்பவர் பிரசன்னத்தை விட்டு விலகவில்லை. இதெல்லாம் சுய வசியம்தானே என்பது அடுத்த கேள்வி. வசியம் என்றால் நினைத்த உணர்வு சீக்கிரம் கைகூட வேண்டும். பத்தாண்டு வறட்சியைத் தாங்கியவரிடம் அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவாக ஒட்டாது.

எனக்கே பதில் சுலபமில்லாத ஆட்சேபம் ஒன்று உண்டு. பிடிக்காத வேலையைப் புனிதமாக்கிக் கொடுத்தால் யாருக்கு லாபம்? லாரன்ஸ் தானாக மடத்துக்குப் போனவர். சோறும் படுக்கையும் நிச்சயம். சூளகிரியிலோ ஓசூரிலோ ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த மாத வேலையே நிச்சயமில்லை. அவரிடம் ‘கடவுள் உன் பக்கத்தில் இருக்கிறார், முணுமுணுக்காதே’ என்று சொல்வது மேஸ்திரியின் வேலை, போதகருடையதல்ல. யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுவதாகவும் அந்தச் சத்தம் கர்த்தரின் காதில் விழுவதாகவும் சொல்கிறது. அருகில் இருப்பவருக்குத்தான் அது முதலில் கேட்கும். அப்படி அருகில் இருக்க முயன்றவர்கள் இந்தப் பக்கத்திலேயே உண்டு: கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துத் திருப்பத்தூரில் 1921-இல் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். இருவருமே மருத்துவர்கள். ஒரு தமிழர், ஒரு ஸ்காட்லாந்துக்காரர், இருவரும் மணமாகாதவர்கள். அவர்கள் கட்டிய சிற்றாலயம் திராவிடக் கோயிற்பாணியில் இருக்கும். பார்க்கப் போகிறவர்கள் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய தியானத்தின் மறுபாதி நோயாளிகளைப் பார்ப்பதில் நடந்தது. இந்த மறுபாதி நம் சபைகளிலும் இருந்தால், சம்பளம் நிலுவையில் உள்ளவர் தன் கணக்கைச் சொல்ல ஒரு நாற்காலி போட்டுவைப்பார்கள். செகண்ட் ஷிஃப்ட்காரருக்கு ஞாயிறு காலையும், நைட் ஷிஃப்ட்காரருக்கு ஞாயிறு மாலையும் ஆராதனை இருக்கும். அதற்கும் வர முடியாதவர் வீட்டுக்குப் போதகரே போவார், நன்கொடைக் கவர் எடுக்காமல்.