விசுவாசம் என்று பெயரிடப்பட்ட பழக்கம்

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஆஃபிஸ் தொகுப்பின் புதிய பதிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் அடங்கிய எக்செல் 2007, அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு விந்தையான பிழைக்காகப் பேசப்பட்டது. 850ஐ 77.1ஆல் பெருக்கினால் 65,535 வர வேண்டும். எக்செல் 1,00,000 என்று காட்டியது. கணக்கிடுவதற்கென்றே விலைகொடுத்து வாங்கப்படும் மென்பொருள் பெருக்கலில் தவறியது. உள்ளே சேமிக்கப்பட்ட மதிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது, காட்சியில்தான் கோளாறு என்று நிறுவனம் விளக்கியது. அக்டோபரில் திருத்தம் வந்தது. பேச்சும் அத்துடன் அடங்கிற்று.

அதே பதிப்பில் இன்னொரு மாற்றமும் இருந்தது. பழைய பட்டிகள் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் ‘ரிப்பன்’ என்ற அகன்ற பட்டை வைக்கப்பட்டது. கட்டளைகள் எங்கும் போய்விடவில்லை. இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். ஆனால் இதற்கு எதிராக எழுந்த முணுமுணுப்பு ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. பழைய பட்டிகளை மீட்டுத் தரும் துணைநிரல்கள் தனியே விலைக்கு விற்கப்பட்டன. பெருக்கல் தவறியதைப் பயனர்கள் ஒரு மாதத்தில் மறந்தனர். பொத்தான் இடம் மாறியதை மறக்கவில்லை. எனினும், இரண்டில் எதற்காகவும் பெருந்திரளாக எக்செலை விட்டு வெளியேறவும் இல்லை.

சந்தையியல் பாடநூல்கள் இதனை ‘வாடிக்கையாளர் விசுவாசம்’ என்னும் தலைப்பின்கீழ் வைக்கும். மறுபடியும் வாங்குகிறாரா, சந்தாவைப் புதுப்பிக்கிறாரா என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை மனநிறைவின் அளவாகக் கொள்வது அத்துறை ஆய்வுகள் பலவற்றில் இன்றும் காணப்படும் வழக்கம். இங்கேதான் சறுக்கல் நேர்கிறது. மேற்சொன்ன பயனர் பற்று வைத்திருப்பது பொருளின் மீதன்று. தன் விரல்கள் பல்லாண்டு உழைத்துக் கற்ற இடங்களின் மீது. கதவு இருக்கும் இடம் மாறாதவரை, வீட்டின் கூரை ஒழுகுவதை அவர் பொறுத்துக்கொள்கிறார். அந்தப் பொறுமையை விசுவாசம் என்று பதிவு செய்யும் ஆய்வாளர், நிறுவனத்தின் கணக்கைத்தான் எழுதுகிறார். பயனரின் கணக்கை அன்று.

விரிதாளின் வரலாறு முழுவதும் இதற்குச் சான்று. 1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க்கில் சாய்கோட்டு விசையை அழுத்தினால் கட்டளைகள் விரியும். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 அதே விசையை வைத்துக்கொண்டது. பின்னர் வந்த எக்செலும் அதனை ஏற்றது. இன்றைய எக்செலில் கூட அந்தச் சாய்கோடு பட்டியைத் திறக்கும். லோட்டஸிடமிருந்து எக்செல் எடுத்துக்கொண்டது விசையை மட்டுமன்று, ஒரு பிழையையும்தான். லோட்டஸ் 1-2-3, 1900ஐ லீப் ஆண்டு என்று தவறாகக் கருதியது. லோட்டஸ் கோப்புகள் எக்செலில் தேதி பிசகாமல் திறக்க வேண்டும் என்பதற்காக அத்தவறு அறிந்தே பின்பற்றப்பட்டது. 60 என்ற எண்ணை எக்செலில் தேதியாக மாற்றிப் பார்ப்பவர் 29 பிப்ரவரி 1900 என்ற, ஒருபோதும் விடியாத ஒரு நாளைக் காண்பார். ஒத்திசைவு என்பது சில வேளைகளில் பிழையையும் சொத்தோடு சேர்த்து வாரிசுக்கு எழுதிவைப்பது.

அந்தச் சொத்து யாருடையது என்ற வினா ஒருமுறை நீதிமன்றத்துக்கே சென்றது. போர்லாண்ட் நிறுவனம் தன் குவாட்ரோ புரோ விரிதாளில் லோட்டஸின் பட்டி அமைப்பை அப்படியே தந்தது. லோட்டஸ் வழக்குத் தொடுத்தது. 1995இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பட்டிக் கட்டளைகளின் வரிசைக்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்த்தது. 1996இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நான்குக்கு நான்கு எனப் பிரிந்ததால் அத்தீர்ப்பே நிலைத்தது. மேல்முறையீட்டு அமர்வில் தனியே இசைவுரை எழுதிய நீதிபதி மைக்கேல் பூடின் சுட்டிய கருத்து மென்பொருள் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் படிக்கத்தக்கது: பட்டியைக் கற்பதில் உழைப்பை முதலீடு செய்தவர் பயனர்; அந்த முதலீட்டைக் காட்டியே அவரை லோட்டஸின் சிறையில் வைத்திருப்பதில் நியாயம் இல்லை. விசுவாசம் பற்றிய கருத்தரங்குகளில் இவ்வழக்கு அதிகம் பேசப்படாதது வியப்புக்குரியது.

இந்தப் பொறுமைக்கு ஆய்வுலகம் கொடுத்த விலையும் சிறிதன்று. மனித மரபணுக்களுள் சில ‘செப்ட்1’, ‘மார்ச்1’ என்பன போன்ற சுருக்கப் பெயர்களைத் தாங்கியிருந்தன. எக்செல் இவற்றைச் செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதிகளாக்கிவிடும். கேட்காமலே செய்யும், செய்ததைச் சொல்லவும் செய்யாது. 2004லேயே இது ஆய்விதழில் எச்சரிக்கப்பட்டது. எக்செலில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுக்கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்பிழையைச் சுமந்திருப்பதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. 2021இல் இன்னும் விரிவாகச் செய்யப்பட்ட ஆய்வில் அப்பங்கு 31 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. எச்சரிக்கைக்குப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு!

இதற்கிடையே 2020இல் மனித மரபணுப் பெயரிடும் குழு ஒரு முடிவுக்கு வந்தது. ‘செப்ட்1’ இனி ‘செப்டின்1’. ‘மார்ச்1’ இனி ‘மார்ச்எஃப்1’. மென்பொருள் மாறாததால் மரபணுக்களின் பெயர்கள் மாறின. குழுவின் முடிவு நடைமுறைக்கு ஏற்றதுதான். குறை அவர்களிடம் இல்லை. ஆனால் ஒரு விரிதாளுக்காக உயிரியலின் சொற்களஞ்சியம் திருத்தப்பட்டதை வாடிக்கையாளர் விசுவாசத்தின் உச்சம் என்று யாரேனும் வகைப்படுத்தினால், அந்த வகைப்பாட்டில்தான் கோளாறு.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்துக்கு இடம் தர வேண்டும். இடைமுகத்தின் மாறாத்தன்மை வெறும் சோம்பலுக்குத் துணையன்று. திரைவாசிப்பானின் உதவியுடன் விசைவரிசைகளை நினைவில் வைத்து வேலை செய்யும் பார்வையற்ற பயனருக்குப் பொத்தான் இடம் மாறுவது, பழகிய தெரு ஒரே இரவில் மாறியதற்கு ஒப்பு. ஓய்வுபெறும் வயதை நெருங்கும் எழுத்தருக்கும் அப்படியே. 2007இல் ரிப்பனைப் புகுத்தியபோது பழைய பட்டிகளுக்குரிய ஆல்ட் விசைவரிசைகளை மைக்ரோசாஃப்ட் பெரும்பாலும் செயல்பட விட்டுவைத்தது, அது பாராட்டத்தக்கது. மாற்றமே முன்னேற்றம் என்று முழங்குவோர் இவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் கட்டளை இருக்கும் இடம் மாறாதிருப்பது வேறு. தவறான நடத்தை மாறாதிருப்பது வேறு. தானியங்கித் தேதிமாற்றத்தை நிறுத்திவைக்கும் விருப்பத்தேர்வை மைக்ரோசாஃப்ட் 2023இல் வழங்கியது. அதற்காக எந்தப் பொத்தானும் இடம் பெயரவில்லை. யாருடைய விரலும் வழி தவறவில்லை. அமைப்புகள் பகுதியில் ஒரு சிறு கட்டம் கூடியது, அவ்வளவே. இருந்தும் இயல்பு அமைவு இன்றும் மாற்றம் செய்யும் நிலையிலேயே இருக்கிறது. ஆகவே, பயனரின் பழக்கத்தைக் காப்பதற்காகவே இத்தனை ஆண்டுகள் தாமதம் என்ற விளக்கம் நிற்காது. வெளியேறமாட்டார்கள் என்ற உறுதியே அத்தாமதத்தைக் கட்டணமின்றி ஆக்கியது. விசுவாசம் வெளியேற்றத்தைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு வலுவூட்டும் என்று 1970இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எழுதினார். இங்கே வெளியேற்றமும் இல்லை. குரல் பத்தொன்பது ஆண்டுகள் கழித்தே செவியை எட்டியது.

இந்தியாவுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. எக்செல் கோப்பு வடிவத்தை உள்ளடக்கிய ஓஓஎக்ஸ்எம்எல்லைப் பன்னாட்டுத் தரமாக ஏற்பதற்கான வாக்கெடுப்பில், 2007இலும் 2008இலும் இந்தியா ‘இல்லை’ என்றே வாக்களித்தது. 1900ஆம் ஆண்டின் அந்தப் பொய்யான லீப் நாள் அப்போது உலகளவில் எழுந்த ஆட்சேபங்களுள் ஒன்று. 2010இல் மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையும் வந்தது. கொள்கை தாளில் இருக்க, தர மதிப்பீட்டுக்குக் கல்லூரிகள் நிரப்பும் தரவுப் படிவங்கள் எக்செல் கோப்புகளாகவே புழங்குகின்றன. கேரளப் பள்ளிகள் குனு/லினக்ஸுக்கு மாறி ஆண்டுகள் பல ஆகியும், மற்ற மாநிலங்கள் அதனைத் தனியொரு விதிவிலக்காகவே பார்க்கின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள், முனைவர்பட்டப் பாடப்பணியில் அளவியல் முறைகளுக்கும் கணினிப் பயன்பாட்டுக்கும் இடம் தந்தன. ‘கணினிப் பயன்பாடு’ என்பது பல துறைகளில் எந்தப் பட்டியில் எதை அழுத்துவது என்ற பயிற்சியாகச் சுருங்கிவிட்டது. மாணவர் அங்கே கற்பது ஒரு நிறுவனத்தின் இடவரைபடம். அதே இரண்டு மணி நேரத்தில் ஓர் உரைக்கோப்பை இறக்குமதி செய்யும்போது ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணா, எழுத்தா, தேதியா என்று தாமே அறிவிக்கவும், சேமித்த பின் மூலத்தோடு ஒப்பிடவும் கற்றுத்தரலாம். எந்த விரிதாளிலும் அது பயன்படும். முதல் பயிற்சிக்கு 60 என்ற எண்ணையும், இரண்டாவதற்கு ‘செப்ட்1’ என்ற பெயரையும் கொடுத்தால் போதும்.